இருமாத ஊர்

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாளே என் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள இருந்தவர் அக்கா. அம்மா மேல் தப்பே இல்லை. பெங்களூரிலிருந்து ஒரு மேடம் வருகிறார், பெரிய படிப்பு படிக்கிறவர், நம் வீட்டையும் பார்ப்பார் என்று நான்தான் சொல்லிவைத்திருந்தேன். அம்மா விடிந்ததிலிருந்து இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு வேலை செய்தாள். அலமாரி, ஜன்னல் கம்பி, புத்தர் படம், ஃபேன் இறக்கை எல்லாம் துடைத்தாயிற்று. ஸ்கெலட்டன் என்கிற எங்கள் சுரங்கக் குடியிருப்பில், வரிசையாகக் கட்டிய ஒரு லைன் வீடு எவ்வளவு பளபளக்க முடியுமோ அவ்வளவு பளபளத்தது. அக்கா வந்தார், செருப்பைக் கழற்றினார், நேராக அலமாரியிடம் போய் மேல்தட்டை விரலால் ஒரு தடவு தடவினார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. முகம் விழுந்துவிட்டது.

"அம்மா, நான் வர்றேன்னா தொடச்சீங்க?"

"ஆமாம்மா, உங்களுக்காகத்தான்."

"கெடுத்தீங்களே! ரொம்பச் சுத்தமா இருக்கே!"

அம்மா டீ கொடுத்தாள், சிரித்தாள், வாசல் வரை போய் வழியனுப்பினாள். கார் திரும்பியதும் என் பக்கம் திரும்பினாள். "இன்னாடி இவ? வூட்டத் தொடச்சி வெச்சா மூஞ்சிய தூக்கி வெச்சிக்கிறா? குப்பையா கெடந்தா இன்னா சொல்லியிருப்பா? நீ வேலைக்குப் போற எடம் நல்ல எடந்தானா?" எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

விஷயம் இதுதான். அக்கா வந்தது எங்கள் ஊர்த் தூசியை அளக்க. சயனைடு போட்டுத் தங்கத்தை எடுத்த பிறகு மிச்சமாகக் கொட்டிய மண் எங்கள் ஊரில் மலை மாதிரி நிற்கிறது. சைனைட் மேடு என்போம். காற்றுக் காலத்தில் அந்த மண் பறந்து வந்து சோற்றுத் தட்டில் உட்காரும், துவைத்துக் காயப்போட்ட துணியில் உட்காரும், மனுஷன் நெஞ்சிலும் உட்காரத்தானே செய்யும்? எவ்வளவு உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அலமாரித் தூசியைச் சின்ன பிரஷ்ஷால் கூட்டிக் குப்பியில் எடுத்துப் போக வந்தவருக்கு, ஊர் முழுக்க ஒவ்வொரு வீட்டிலும் எங்கள் அம்மாவைப் போல ஒருத்தி துடைத்து வைத்திருந்தால் எப்படி இருக்கும்? அன்றைக்கு வெறும் குப்பிகளோடு திரும்பிப் போனார். அதற்குப் பிறகு எந்த வீட்டுக்கும் சொல்லிவிட்டுப் போனதில்லை.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் சண்டைக்கு வருவார். மதுரைப் பக்கம். எங்களைப் போல "இன்னா" என்று பேச முயற்சி செய்து பேசி, லைன் முழுக்கச் சிரிக்க வைத்தவர். என்னைவிடச் சில வயது மூத்தவர் என்பதால் எனக்கு அக்கா. டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறார் என்று கேள்விப்பட்டதால் ஊருக்கு டாக்டரம்மா. ஊசி போடத் தெரியாத டாக்டரம்மா என்று அவரே சொல்லிக்கொள்வார்.

அந்த ஆராய்ச்சியே ஒரு கூத்து. நாலு துறை சேர்ந்து செய்கிறார்களாம். டாக்டர்கள் ஒரு பக்கம். சளியையும் தூசியையும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் உயிரியல்காரர்கள் ஒரு பக்கம். செலவு வரவு பார்க்கும் பிசினஸ் காலேஜ் ஆட்கள் ஒரு பக்கம். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டுப் பிசைந்து விடை சொல்ல அக்கா. டேட்டா சயின்ஸ் என்று பெயர். நாலு பேரும் ஒரே காரில் வந்து இறங்குவார்கள். ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் புரியாது. உயிரியல் பையன் சளி கேட்டு வீடு வீடாகக் கெஞ்சுவான், ஒருத்தரும் துப்ப மாட்டார்கள். பிசினஸ் சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "இங்கே வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டு நடப்பார்.

அவர் இடம் தேடிய அந்த வண்டிதான் முக்கியம். நெஞ்சு நோய் பார்க்க டாக்டர், மிஷின், மருந்து எல்லாம் ஏற்றிக்கொண்டு வாரா வாரம் வரும் ஒரு வண்டியை ஒரு தர்ம டிரஸ்ட் தருவதாக இருந்தது. ஒரே ஒரு வண்டி. அதை எங்கள் ஊருக்கு விடுவதா, ஒப்பிட்டுப் பார்க்க எடுத்திருந்த பங்காருபேட்டைப் பக்கத்துக் கிராமங்களுக்கு விடுவதா என்பதை இந்த ஆராய்ச்சி சொல்ல வேண்டும். எங்கள் ஊர் ஆளுக்கு மூச்சு முட்டினால் ரயிலேறிப் பெங்களூர்தான் போக வேண்டும். போய் வருவதற்குள் பாதி உயிர் போய்விடும். அந்த வண்டி எங்களுக்கு வந்தே ஆக வேண்டும் என்று நான் வெறியாக இருந்தேன், ஏனென்றால் என் வீட்டிலேயே ஒரு ஆள் இருந்தார். அவரைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

என்னை வேலைக்கு எடுத்த விதத்தைக் கேளுங்கள். பெங்களூருக்குத் தினமும் ரயிலில் நின்றுகொண்டே போய் முதுகு ஒடிந்து, அந்த வேலையை விட்டிருந்தேன். உள்ளூரிலேயே சர்வே வேலை என்றதும் ஓடினேன். என்னோடு இன்னும் இரண்டு பெண்கள். ஆளுக்கு ஒரு டேப்லெட் கொடுத்து, நாலு வீட்டில் கேள்வி கேட்டு வரச் சொன்னார். அந்த இரண்டு பேரும் ஒரு கட்டம் விடாமல் நிரப்பிக்கொண்டு வந்தார்கள். என்னுடையதில் பாதி காலி. ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். இன்னொரு வீட்டில், "ஓட்டு கேக்க வந்தியா, போன தடவ வந்தவன் எங்க?" என்று கேட்டார்கள். அதை அப்படியே குறிப்பு என்ற இடத்தில் தட்டி வைத்திருந்தேன். அக்கா அதைப் படித்து வாய்விட்டுச் சிரித்தார். மற்ற இரண்டையும் பார்த்து, "ரொம்பச் சுத்தமா இருக்கே" என்று மூடி வைத்தார். வேலை எனக்குக் கிடைத்தது.

சுத்தம் என்றாலே அவருக்குச் சந்தேகம். ராபர்ட்சன்பேட்டையில் கண்ணாடிக் கதவு போட்டு ஒரு ஹோட்டல் திறந்தார்கள். எல்லோரும் அங்கே ஓட, அக்கா பக்கத்திலிருந்த கரிபிடித்த மெஸ்ஸுக்குள் நுழைவார். "அங்க யாரும் சாப்பிடுறதில்லப்பா, அதான் பளிச்சுனு இருக்கு" என்பார். டீக்கடை மாஸ்டர் இவருக்காகக் கிளாஸை விசேஷமாகத் துடைத்தால், எந்தத் துணியால் துடைத்தீர்கள் என்று எட்டிப் பார்ப்பார். அவ்வளவு ஏன், வீட்டில் பார்த்த மாப்பிள்ளையையே வேண்டாம் என்றவர். குடிக்க மாட்டார், கோபம் வராது, கடன் இல்லை, காதலித்ததில்லை என்று தரகர் அடுக்கியிருக்கிறார். "இவ்ளோ சுத்தமா ஒரு ஆம்பளையா? எங்கயோ மறைச்சு வச்சிருக்கான்" என்று இவர் மறுத்துவிட்டார். "அப்புறம் என்ன ஆச்சுக்கா?" என்று கேட்டேன். "நெசமாவே நல்லவனாம்த்தா. வேற ஒருத்தியக் கட்டி ஜம்முனு இருக்கான். அந்த ஒண்ணுலதான் சறுக்கிட்டேன்" என்று அவரே தலையில் அடித்துக்கொண்டார்.

கேட்க வேடிக்கையாக இருக்கும். கூட வேலை செய்கிறவளுக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும். நான் வெயிலில் அலைந்து எடுத்து வந்த வீடுகளுக்கு, மறுவாரம் அவரே போய் அதே கேள்விகளைக் கேட்பார். எனக்குக் கொதிக்கும். ஒருநாள் டேப்பை மேஜையில் வைத்துவிட்டு, "என்னை நம்பலன்னா எதுக்குக்கா என்னை வேலைக்கு வெச்சிங்க?" என்று கத்திவிட்டேன். அவர் பயப்படவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "உன்ன நம்புறேன். நம்பரத்தான் நம்பல. போய் ரெண்டு டீ சொல்லு" என்றார். அவரோடு முழுசாகச் சண்டை போட்டு முடிக்கவே முடியாது.

சர்வேயில் முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. "உங்களுக்கு இருமல் இருக்கிறதா?" இருக்கிறது என்று சொன்னவர்களை மட்டும் அடுத்த கட்டத்துக்கு எடுத்து, ஒரு சின்ன மிஷினில் ஊதச் சொல்லி மூச்சை அளப்பார்கள். எல்லோரையும் ஊதச் சொல்ல நேரமும் இல்லை, ஆளும் இல்லை. நாங்கள் ஸ்கெலட்டன், நந்திதுர்க் என்று லைன் லைனாக ஏறி இறங்கினோம். பங்காருபேட்டைப் பக்கத்துக் கிராமங்களுக்கு வேறு ஆட்கள் போனார்கள்.

முடிவு வந்தது. சைனைட் மேட்டுக்கு அடியில் வாழும் எங்கள் ஊரில் இருமுகிறவர்களே கிட்டத்தட்ட இல்லை. பச்சைப் பசேலென்று வயல் இருக்கும் கிராமங்களில்தான் இருமல் அதிகம். கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது, அப்புறம் யார் பேசுவது? பிசினஸ் சார் சந்தோஷமாக, "அப்படியானால் வண்டி கிராமங்களுக்குத்தான்" என்றார். ஒரு நல்ல பத்திரிகை அந்தக் கட்டுரையை ஏற்றுக்கொண்டது. அதுதான் அக்காவின் டாக்டர் பட்டத்துக்குக் கடைசி அத்தியாயம். அவருடைய உதவித்தொகை முடியப் போகிற நேரம். எல்லாம் கூடி வந்திருந்தது. பெங்களூர் ஆபீஸில் மைசூர் பாக் கொடுத்தார்கள். அக்கா தன்னுடையதைத் தொடாமல், திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டி போயிற்று என்ற கோபம் எனக்கு. அவருக்கு வேறு கவலை. "ரொம்பச் சுத்தமா இருக்குடி இது" என்றார். அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா அவரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். அம்மாவுக்கு அதற்குள் அவரைப் பிடித்துவிட்டது. வீட்டைத் துடைக்காமல் வைத்திருந்தாள், அதுவே பெரிய மரியாதை. கறிக்குழம்பு, ரசம். என் அப்பாவும் கூட உட்கார்ந்தார். அவரை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நந்திதுர்க் சுரங்க ஷாஃப்டில் இறங்கி, ஆழத்து லெவலில் பாறையில் டிரில் போட்டவர். பாதிச் சாப்பாட்டில் நைனா, "ஒரு நிமிசம்மா" என்று எழுந்து பின்பக்கம் போனார். அங்கே பக்கெட் உருளும் சத்தம் கேட்டது. அதே நேரத்தில் அம்மா, "இன்னும் ரெண்டு துண்டு போட்டுக்கம்மா, இன்னா இப்படி கொறிக்கிற!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டாள். நைனா முகம் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, சிரித்தபடி உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து சாப்பிட்டார். அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்ததும் கேட்டார். "அப்பா எதுக்குப் பின்னால போனாரு?"

"இருமத்தான்."

"வீட்டுக்குள்ள இருந்து இரும மாட்டாரா?"

"வெளி ஆளுங்க முன்னாடி எப்படிக்கா இருமுவாரு?"

அவர் நின்றுவிட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் ஊரில் இது மரியாதை. சாப்பாட்டில் ஏப்பம் விடக்கூடாது என்கிற மாதிரி. இல்லை என்று டேப்பில் தட்டியபோதுகூட எனக்கு அது பொய்யாகத் தோன்றவில்லை. நான் நடந்துகொண்டே சொன்னேன். சுரங்கம் ஓடிய காலத்தில் அவ்வப்போது உடம்பைச் சோதிப்பார்கள். இருமினால் அன்ஃபிட் என்று எழுதிவிடுவார்கள் என்று ஆண்களுக்குப் பயம். அன்ஃபிட் என்றால் வேலை போச்சு, குவார்ட்டர்ஸ் போச்சு. அப்படி எத்தனை பேருக்குப் போனதோ எனக்குத் தெரியாது, பயம் மட்டும் எல்லா வீட்டிலும் இருந்தது. ஆண்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பழகினார்கள். பெண்கள் அந்த நேரம் பார்த்துச் சத்தமாகப் பேசப் பழகினார்கள். பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக் கொடுப்பதற்கு முன்னாலேயே, யார் வந்து கேட்டாலும் எங்க வீட்ல யாரும் இருமறதில்ல என்று சொல்லிக் கொடுத்தார்கள். சுரங்கத்தை மூடினார்கள், பழக்கத்தை யார் மூடினார்கள்?

"எல்லா வீட்லயுமா?"

"எல்லா வீட்லயுந்தான். இதுல இன்னா இருக்குது?"

அக்கா அங்கேயே சாக்கடைப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். "இருமல் இருக்கான்னு ஊர் ஊராக் கேட்டேனேடி" என்றார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. கிராமத்து ஆட்களுக்கு மறைக்க ஒன்றுமில்லை, இருமுகிறோம் என்று சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் உள்ளே இருமிவிட்டு வந்து இல்லை என்றிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் என்ன செய்யும், பாவம்.

மறுநாளே ஒரு தந்திரத்தோடு வந்தார். லைன் வீடுகளுக்கு நடுச்சுவர் ஒன்றுதான், இந்த வீட்டில் தும்மினால் அந்த வீட்டில் நூறு ஆயுசு என்பார்கள். அதனால், "உங்களுக்கு இருமல் இருக்கா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "பக்கத்து வீட்டுச் சத்தம் உங்களுக்குத் தொந்தரவா இருக்கா?" என்று கேட்டார். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது.

"அய்யய்ய, அத்த ஏன் கேக்குற டாக்டரம்மா! அந்தாளு விடியக்காலைல ஆரம்பிச்சார்னா பால்காரன் வர்ற வரைக்கும் நிறுத்த மாட்டாரு. எங்க வூட்டு ஆளுக்கு அதெல்லாம் ஒண்ணும் கெடயாது."

அந்தாளு வீட்டுக்குப் போனால் அவர் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு, "எனக்கா? எனக்கு ஒண்ணும் இல்ல. அவன் இருமறதுல எங்க வூட்டு ஆஸ்பெஸ்டாஸே ஆடுது. போய் அவன பாருங்க" என்றார். லைன் முழுக்க ஒருவரை ஒருவர் காட்டிக் கொடுத்தார்கள். நாங்கள் தெருமுனைக்கு வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு உட்கார்ந்து எண்ணினோம், அத்தனை வீடு.

அந்தச் சந்தோஷமும் நிலைக்கவில்லை. ஆராய்ச்சிக்கு ஒரு நெறிமுறைக் குழு உண்டாம். ஒரு மனுஷன் உடம்பைப் பற்றி அவன் சம்மதம் இல்லாமல் அடுத்த வீட்டில் கேட்டு எழுதியது செல்லாது, உடனே அழியுங்கள் என்றுவிட்டார்கள். நான் அவர்களை வாயில் வந்தபடி திட்டினேன். அக்கா திட்டவில்லை. "அவங்க சொல்றது சரிதான்த்தா. ஊர் வம்பை வச்சு ஆராய்ச்சி பண்ணக் கூடாது. எனக்குப் புத்தி எங்க போச்சு?" என்று என் கண் முன்னாலேயே எல்லாவற்றையும் அழித்தார்.

மிச்சம் இருந்தது அந்தச் சுத்தமான பொய் மட்டும். அதுதான் அச்சாகப் போகிறது. பங்காருபேட்டை ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றபோது, அவருடைய கைடு ஃபோனில் வந்தார். பிளாட்பாரச் சத்தத்துக்காக ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. அவர் கெட்டவர் இல்லை, நல்லதுக்குத்தான் சொன்னார். கட்டுரை அப்படியே போகட்டும், கடைசியில் ஒரு வரி எச்சரிக்கை சேர்த்துவிடலாம், முதலில் பட்டத்தை வாங்கு, பிறகு சாவகாசமாகத் திரும்பச் செய் என்றார்.

"அதுக்குள்ள வண்டி போயிரும் சார்."

"வாபஸ் வாங்கினால் உன் பட்டமும் போய்விடும்மா. யோசித்துச் சொல்."

"யோசிச்சுட்டேன் சார்" என்றார் அக்கா. ரயில் வந்தது, ஏறி உட்கார்ந்தோம். ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தார். நான் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கட்டுரையை வாபஸ் வாங்கினார். சில மாதம் அவகாசம் கிடைத்தது, உதவித்தொகை இல்லாமல். டாக்டர்களிடம் கெஞ்சி ஊதும் மிஷினைக் கடன் வாங்கி வந்தார். கைக்குள் அடங்கும் ஒரு பெட்டி, அதில் செருகிக்கொள்ள ஆளுக்கு ஒரு அட்டைக் குழாய். இனி இருமல் இருக்கிறதா என்ற பேச்சே இல்லை, இருக்கிறவர் இல்லாதவர் எல்லோரும் ஊத வேண்டும் என்பது திட்டம். ஒருவர் ஊத வேண்டுமே! மிஷினைக் கண்டதும் கதவுகள் மூடின. "நாங்கதான் நல்லா இருக்கோமே, நல்லா இருக்கறவன் எதுக்கு ஊதணும்?" என்றார்கள். கொஞ்சம் இளகியவர்கள் ஒரே பதில் சொன்னார்கள். "உங்க நைனா ஊதட்டும். அப்புறம் பாக்கலாம்."

லைனில் நைனா பேச்சுக்கு அப்படி ஒரு மதிப்பு. அவர் ஊதினால் எல்லோரும் ஊதுவார்கள், அவர் மாட்டேன் என்றால் வண்டி கிராமத்துக்குப் போகும். அப்படி என் நைனாவின் மூச்சில் வந்து நின்றது விஷயம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நைனா ஊதினார், லைனே ஊதியது, வண்டி வந்தது. இப்போதும் செவ்வாய்க்கிழமை வருகிறது. நைனா சாகும் வரை அதில் மருந்து வாங்கினார், கடைசி வருஷங்களில் நிம்மதியாகத் தூங்கினார். அக்காவுக்குப் பட்டம் கிடைக்கவில்லை. அவகாசம் போதவில்லை, டெல்லிப் பக்கம் ஏதோ ஆபீஸில் கணக்குப் பார்க்கிறார். அதற்காக நான் இன்னும் வருத்தப்படுகிறேன். அவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது அவர் விட்ட பட்டம் இல்லை. நைனா ஊதிய அந்தக் காலை நேரம்தான்.

நைனா பனியனும் லுங்கியுமாகக் கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா எதிரில் பிளாஸ்டிக் சேரில். அம்மா சமையல் கட்டு வாசலில் நின்றாள்.

"வேணாம்மா. எனுக்கு ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லேன்னா ஊதிக் காட்டுங்கப்பா. நல்லதுதானே?"

"மிஷின் ஏதாச்சும் சொல்லிச்சின்னா?"

"சொன்னா மருந்து குடுப்பாங்க."

"மருந்து குடுப்பாங்க. அன்ஃபிட்டுன்னும் எழுதுவாங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. "நைனா! இன்னா அன்ஃபிட்டு அன்ஃபிட்டுன்னுகினு? மைன்ஸ் மூடி எத்தினி வருசம் ஆச்சி? ஷாஃப்ட் பூரா தண்ணி ரொம்பிக் கெடக்குது. உன்ன யாரு இப்ப வேலைய விட்டு அனுப்பப் போறாங்க?"

நைனா என்னைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"திரும்பத் தொறந்தா?"

பேப்பரை மடித்துக் கட்டிலில் ஓரமாக வைத்தார்.

"தொறக்கப் போறாங்க, தொறக்கப் போறாங்கன்னு சொல்லிகினேதானேம்மா இருக்காங்க? தொறந்தா புதுப் பசங்களுக்கு இன்னா தெரியும்? எந்த லெவல்ல கல்லு பேசும், எங்க நிக்கக் கூடாது, ஒண்ணும் தெரியாது. பழைய ஆளுங்களத்தான் மொதல்ல கூப்புடுவாங்க. அன்னிக்கி அன்ஃபிட்டுன்னு ஒரு காகிதம் குறுக்க வந்துச்சின்னா?"

எழுபது தாண்டிய மனுஷன். கடைத்தெருவுக்குப் போய் வந்தாலே கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவர். இத்தனை வருஷமும் இதை மனசில் வைத்துக்கொண்டுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். அம்மாவைப் பார்த்தேன். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது, தலையைக் குனிந்துகொண்டாள்.

அக்கா சிரிக்கவில்லை. உங்கள் வயசுக்கு இனி எங்கே என்றும் சொல்லவில்லை. "கூப்பிட்டா போவீங்களாப்பா?" என்று கேட்டார்.

"போவாம?"

பிறகு நைனாவே சொன்னார். "நான் ஊதுறேம்மா. மிஷின் இன்னா வேணா சொல்லட்டும், அத்த நீ எடுத்துகினு போ. எனுக்கு மட்டும் தனியா ஒரு பேப்பர்ல ஃபிட்டுன்னு எழுதிக் குடு. உன் கையெழுத்து போட்டு."

"நான் அந்த டாக்டர் இல்லப்பா."

"தெரியும். நீ எழுதுனா போதும்."

அக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு பொய்யான நம்பர் வெளியே போகக் கூடாது என்று படிப்பையே தூக்கிக் கொடுத்த மனுஷி. நான் எடுத்து வந்த ஒரு பதிலைக்கூட இரண்டு தடவை சரி பார்க்காமல் விடாதவர். அவர் மாட்டேன் என்று எழுந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். எழுந்திருந்தால் அவர் மேல் எனக்குக் கோபம் வந்திருக்காது.

"முழு மூச்சா ஊதணும். பாதியில நிறுத்தக் கூடாது. சரியா?" என்றார்.

"சரி."

கைப்பையிலிருந்து வெள்ளைத் தாள் எடுத்தார். நைனா பெயரை எழுதினார். கீழே ஆங்கிலத்தில், இந்த ஆள் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்யத் தகுதியானவர் என்று எழுதினார். அடித்தல் திருத்தல் இல்லாமல், கண்ணீர் ஒரு சொட்டுக்கூட தாளில் விழாமல் தலையைத் தள்ளி வைத்துக்கொண்டு எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நைனா கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தார். அம்மாவிடம் நீட்டி, "பெட்டியில வெய்யி" என்றார்.

பிறகு குழாயை வாயில் வைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஊதினார். சொன்ன சொல்லுக்கு முழு மூச்சையும் விட்டார். மிஷின் கீச்சென்றது. அக்கா அதில் வந்ததைப் பார்த்தார், எங்களிடம் காட்டவில்லை. நைனாவுக்கு உள்ளே எங்கோ அறுந்த மாதிரி இருமல் பிடித்துக்கொண்டது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, எங்கள் நடுவில் உட்கார்ந்து, முகம் சிவக்கச் சிவக்க இருமினார். என் வயசுக்கு அவர் இருமி நான் பார்த்தது அன்றுதான். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்து வீட்டில் பேச்சுச் சத்தம் நின்றது.

அடங்கியதும் வாயைத் துடைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார்.

"நீ கேட்டல்ல, இருமல் இருக்குதான்னு. இருக்குதும்மா. எழுதிக்க."